அவரவர் வாக்கு

என்னை நம்பி ஒருவர் ஒப்படைத்த விஷயத்தை நான் பதினோரு நாள்தான் காப்பாற்றினேன். பன்னிரண்டாம் நாள் காலை, ஒரு பல் மருத்துவர் முன்னால் என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுவதற்காக அதைச் சொல்லிவிட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. எனக்கு அதனால் எந்த லாபமும் இல்லை. வியப்பாக ஒரு பார்வை கிடைத்தது, அரை நிமிடம் நீடித்திருக்கும். அந்த அரை நிமிடத்துக்காக ஒரு சிறுமி தன் பள்ளிக்கூடத்தை இழந்தாள், ஓர் ஆசிரியை வேலையை இழந்தார். எனக்கு எழுபத்து நான்கு வயதாகிறது. செய்ததைக் குறைத்துச் சொல்லும் ஆசை இன்னும் போகவில்லை. அதனால்தான் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

அந்த ஆசிரியையின் பெயரை எழுதப்போவதில்லை. பிள்ளைகள் அவரை 'மோரா' என்றார்கள். ஹீப்ருவில் ஆசிரியை என்று அர்த்தம். நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

துபாயில் ஒரு பெரிய வில்லாவை வகுப்பறைகளாகத் தடுத்து நடத்திய சிறிய யூதப் பள்ளிக்கூடம் அது. நான் அங்கே பதிவாளர். சேர்க்கைப் படிவம், வருகைப் பதிவு, அரசாங்கக் கடிதங்கள் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். அதற்கு முன் இருபத்தாறு ஆண்டுகள் புஜைராவில் ஓர் இந்தியப் பள்ளியில் ஆங்கில ஆசிரியராக இருந்தேன். ஓய்வுபெற்று அல் குசைஸில் மகன் வீட்டில் சும்மா இருந்தபோது, பழைய மாணவன் ஒருவன் இந்த வேலையைச் சொன்னான். நான் கீழக்கரைக்காரன், ஐந்து வேளை தொழுகிறவன். செய்தி ஊர்க்காரர்களிடம் போக ஒரு வாரம்கூட ஆகவில்லை. நான் வழக்கமாகப் போகும் சவரக் கடையில் ஊர்த்தம்பி ஒருவர் கேட்டார். எங்கள் ஊரில் காக்கா என்றால் அண்ணன்.

"என்ன காக்கா, யஹூதி பள்ளிக்கூடத்துலயாமே வேலை? வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு விடுவாங்களா?"

"அவங்களுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலத்துல இருந்து ஓய்வு நாளு. மத்தியானமே எல்லாரும் யல்லா, யல்லான்னு கிளம்பிருவாங்க. உன் கம்பெனியில விடுறதைவிட சீக்கிரம் விடுறாங்க."

"அப்ப சாப்பாடு?"

"பன்றி கிடையாது. நீ பேசாம முடியை வெட்டிக்க."

மோரா கொச்சியிலிருந்து வந்தவர். அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து, இப்போது விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துபோன யூதக் குடும்பங்களில் ஒன்று அவருடையது. கோயம்புத்தூரில் சில ஆண்டுகள் படித்ததால் தமிழ் வரும். கோபம் வந்தால் அது மலையாளமாகிவிடும், சந்தோஷம் வந்தாலும்தான். குள்ளமான உருவம். தலையில் பூப்போட்ட பருத்தித் துணி கட்டியிருப்பார். வில்லாவில் மாடிப்படிக்கு அடியில் முன்பு சாமான் போட்டுவைத்த ஓர் அறை இருந்தது. அதுதான் அவருடைய வகுப்பு. அதில் நான்கு பிள்ளைகள்.

எழுத்து பிடிகொடுக்காத பிள்ளைகள் அவர்கள். அறிவில் ஒரு குறையும் இல்லை. பேசவிட்டால் பெரியவர்களை மடக்குவார்கள். ஒரு பக்கத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னால் எழுத்துகள் இடம் மாறும், திரும்பிக்கொள்ளும், போன வரியில் தெரிந்த சொல் இந்த வரியில் புதிதாக நிற்கும். அந்தப் பள்ளியில் அவர்கள் இடமிருந்து வலமாக ஆங்கிலம் படிக்கவேண்டும், வலமிருந்து இடமாக ஹீப்ரு படிக்கவேண்டும், நாட்டுச் சட்டப்படி அரபும் படிக்கவேண்டும். அரசாங்கப் படிவத்தில் இந்தப் பிள்ளைகளைக் குறைபாடுள்ளவர்கள் என்று எழுத முடியாது. இங்கே அந்தச் சொல் கிடையாது. 'டிடர்மினேஷன்' உள்ள மாணவர், அதாவது மனவுறுதி கொண்டவர் என்றுதான் எழுதவேண்டும். நான் நான்கு பெயர்களுக்கு நேராக அப்படி எழுதினேன்.

மோராவின் குணம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், அவர் காத்திருப்பார் என்பேன். யார் பேசினாலும் பாதியில் சொல் எடுத்துக்கொடுக்க மாட்டார். இரண்டு உள்ளங்கைகளையும் மேசைமேல் கவிழ்த்துவைத்து, எதிராளி சொல்லி முடிக்கும்வரை அப்படியே இருப்பார். ஒரு பிள்ளை ஒரே சொல்லில் ஒரு நிமிடம் நின்றால் அவரும் அந்தச் சொல்லில் ஒரு நிமிடம் நிற்பார். தலையை ஆட்ட மாட்டார், புன்னகைக்கக்கூட மாட்டார். "சிரிச்சா அதுவும் அவசரப்படுத்துறதுதான், சாரே" என்பார்.

நான் நேர் எதிர். வாத்தியார் வேலை பார்த்தவனுக்கு அடுத்தவர் வாக்கியத்தை முடித்துவைப்பது கைவந்த பழக்கம். எங்கள் காவலாளி பெஷாவர் பக்கத்துக்காரர், திக்குவாய். ஒருநாள் காலை என் ஜன்னலில் வந்து, "சாப், கா... கா..." என்று நின்றார். "காடியா? வண்டி வந்திருக்கா?" என்று நானே முடித்து, வெயிலில் வாசல்வரை ஓடினேன். வண்டி ஒன்றும் இல்லை. வியர்த்து வழியத் திரும்பி வந்தால், அவர் கையில் நான் கையெழுத்துப் போடவேண்டிய காகிதம். "காகஸ், சாப்," என்றார். மோரா படிக்கட்டில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"அது அவன்டெ வாக்கு, சாரே. அவன் எடுக்கட்டே."

அவனுடைய சொல், அவனே எடுக்கட்டும். மலையாளத்தில் வாக்கு என்றால் சொல் என்றும் பொருள், நம்மைப் போலக் கொடுத்த உறுதி என்றும் பொருள். அன்றைக்கு நான் முதல் பொருளில்தான் எடுத்துக்கொண்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் எங்களால் ஒன்றும் பகிர்ந்துகொள்ள முடியாது. அவருக்கு யூத விதிப்படியான கோஷர், எனக்கு ஹலால். பழத்தையும் கட்டன் சாயாவையும் மட்டும் பகிர்ந்துகொண்டோம். வளைகுடாவில் அந்தப் பாலில்லாத தேநீருக்குச் 'சுலைமானி' என்று பெயர். காகிதக் கோப்பையை நீட்டி, "சுலைமான் ராஜா எனக்கும் சொந்தம், உங்களுக்கும் சொந்தம். பால் ஊத்தாததுனால சண்டையும் இல்ல" என்பார்.

ஒருநாள் என்னைத் தன் வகுப்புக்குக் கூப்பிட்டு, ஒரு தாளைக் கையில் கொடுத்தார். தமிழ் எழுத்துதான், ஆனால் க-வைப் ப-வாகவும், த-வை ம-வாகவும், இப்படி எட்டு எழுத்துகளை மாற்றிப் படிக்கவேண்டும். பட்டியல் பக்கத்தில் இருந்தது. நான்கு பிள்ளைகளும் எதிரே உட்கார்ந்திருக்க, ஒருத்தி கையில் நேரம் பார்க்கும் கடிகாரம் வைத்திருந்தாள். நான் எம்.ஏ. படித்தவன். நான்கு வரி. முதல் வரியிலேயே நாக்கு குழறியது. இரண்டாவது வரியில் ஊகித்து ஏதோ சொன்னேன், தப்பு. மூன்றாவதில் கழுத்து வியர்த்தது. கடிகாரக்காரி கைதட்டிக் கத்தினாள்.

"மோரா! சாரும் டிடர்மினேஷன்!"

எல்லாரும் சிரித்தோம். பிள்ளைகள் போனபிறகு மோரா கேட்டார்.

"சாரே, புஜைராவில இருபத்தாறு வருஷம். இப்படி ஒரு குட்டி வந்தா ரிப்போர்ட் கார்டில என்ன எழுதுவீங்க?"

"கேர்லெஸ்னு. இல்லாட்டி, முயற்சி போதாதுன்னு."

"எத்தன குட்டிகளுக்கு எழுதியிருப்பீங்க?"

அவர் உள்ளங்கைகளைக் கவிழ்த்துவைத்துக் காத்திருந்தார். நான் தாளை மடித்து அவர் மேசைமேல் வைத்தேன். அவரும் எடுத்துக்கொடுக்கவில்லை.

கடிகாரம் வைத்திருந்த சிறுமிக்கு மிரியம் என்று இங்கே பெயர் வைத்துக்கொள்கிறேன். பன்னிரண்டு வயது, பல்லுக்குக் கம்பி, வாய் ஓயாது. எனக்கு அந்தப் பெயர் மரியம் என்றுதான் நாக்கில் வரும். "மரியம் இல்லை, மிரியம்" என்று ஒவ்வொரு நாளும் திருத்துவாள். மோரா ஒரு தாளில் அந்தப் பெயரை ஹீப்ருவில் எழுதிக் காட்டினார். நான் அதை அரபில் எழுதினேன். இரண்டிலும் அதே நான்கு எழுத்து. மேலும் கீழும் குறி போட்டால்தான் மரியமா மிரியமா என்று தெரியும். எங்கள் ஓதுப்பள்ளியிலும் குர்ஆனை ஜபர், ஜேர், பேஷ் என்ற குறிகளை வைத்துத்தான் எழுத்துக்கூட்டக் கற்றோம். தமிழில் உயிர், மெய் என்று எழுத்தைப் பிரித்திருப்பதை நான் அவருக்குச் சொன்னேன். "உங்களுக்குப் புள்ளி வச்சா உயிர் வருது. எங்களுக்குப் புள்ளி வச்சா உயிர் போயிரும், மோரா" என்றேன். அவருக்கு அது அவ்வளவு பிடித்துவிட்டது. மறுநாளிலிருந்து வகுப்பில் மணல் தட்டில் எழுத்தை விரலால் எழுதவைத்து, "உடம்பு இங்கே இருக்கு, உயிர் எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்க ஆரம்பித்தார்.

அவர்களுடைய வேத ஏட்டில் அந்தப் புள்ளிகளே கிடையாது. தோலில் கையால் எழுதிய சுருள். மெய் மட்டும்தான் இருக்கும், உயிரைப் படிப்பவர்தான் கொடுக்கவேண்டும். தோலை விரலால் தொடக் கூடாது. வெள்ளியில் செய்த ஒரு சிறு கோல் இருக்கும், நுனியில் ஆள்காட்டி விரலை நீட்டிய குட்டிக் கை. அதை எழுத்தின்மேல் ஓட்டிக்கொண்டே படிப்பார்கள். தப்பாகப் படித்தால் சுற்றி நிற்பவர்கள் சத்தமாகத் திருத்துவார்கள். இன்னொரு விதியும் உண்டு: ஏட்டில் இருப்பதைக் கண்ணால் பார்த்தே படிக்கவேண்டும், மனப்பாடமாகச் சொல்லக் கூடாது. எங்கள் மார்க்கத்திலோ குர்ஆனைப் பார்க்காமல் ஓதுபவனுக்கு மாலை போட்டு ஊர்வலம் விடுவோம். அதைச் சொன்னபோது மோரா, "அப்ப மிரியம் உங்க வீட்டில பிறந்திருக்கணும். அவளுக்கு ஒரு தடவை கேட்டா மதி, போதும்" என்றார்.

அந்த ஆண்டு பள்ளிக் குழு ஒரு முடிவெடுத்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வியாழக்கிழமைக் காலைத் தொழுகையில் ஏட்டிலிருந்து மூன்று வரி படிப்பார்கள். அந்தச் சமூகத்தில் பெண் பிள்ளைகளுக்கும் அதற்கு இடம் இருந்தது, எல்லா ஊரிலும் அப்படி இல்லையாம். மிரியமும் படிக்கவேண்டும். படித்துவிட்டால் அவள் ஏழாம் வகுப்புக்குப் போவாள், மாடிப்படி அறையும் தொடரும். முடியாவிட்டால், தனிக் கவனிப்பு உள்ள பெரிய ஆங்கிலப் பள்ளி ஒன்றுக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று பெற்றோரிடம் சொல்லிவிடுவார்கள். அங்கே ஹீப்ரு இல்லை, அவளுடைய பண்டிகைகள் இல்லை, அவளைப் போல ஒரு பிள்ளை இல்லை. அந்தக் குடும்பத்துக்கு எட்டிய தூரத்தில் வேறு யூதப் பள்ளியும் இல்லை.

மோரா ஐந்து மாதம் உழைத்தார். ஒரு சொல் மட்டும் தெரியும்படி நடுவில் ஓட்டை வெட்டிய நீல அட்டையைப் பக்கத்தின்மேல் நகர்த்தி நகர்த்திப் படிக்கவைத்தார். முதல் வரி வந்தது. இரண்டாவது வந்தது. வியாழனுக்கு முந்தின நாள் என் மேசைக்கு வந்து, "மூணும் ஆயி, சாரே" என்றார். அவர் ஓடி வந்ததை அன்றுதான் பார்த்தேன்.

வியாழக்கிழமை என் வேலை வீடியோ எடுப்பது. ஒரு நாற்காலிமேல் ஏறி, கைபேசியை உயர்த்திப் பிடித்து நின்றேன். மிரியம் வெள்ளிக் கோலோடு ஏட்டின் முன்னால் நின்றாள். பக்கத்தில் ஒரு பெரியவர் அச்சுப் புத்தகத்தில் தலையைக் கவிழ்த்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மோரா கதவோரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிள்ளைகள் படிக்கும்போது அவர் அப்படித்தான் கேட்பார். மூன்று வரியும் ஒரு தடங்கல் இல்லாமல் ஒலித்தது. யாரும் எதையும் திருத்தவில்லை. அவர்கள் வழக்கப்படி மிட்டாய்களை அவள்மேல் அள்ளி எறிந்தார்கள். ஒன்று என் மூக்குக்கண்ணாடியில் பட்டது. மிரியத்தின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் யார் என்பதே அப்போது அவருக்கு நினைவில்லை.

அலுவலகத்துக்கு வந்து வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். முதல் இரண்டு வரிகளில் வெள்ளி விரல் சொல்லுக்குச் சொல் நகர்ந்தது. மூன்றாவது வரியில் அது வழுக்கிக்கொண்டு முன்னால் போய், பத்தி முடிகிற இடத்தில், எழுத்தே இல்லாத வெற்றுத் தோலில் நின்றுவிட்டது. குரல் மட்டும் ஓடியது. இறைவன் பெயர் ஏட்டில் நான்கு எழுத்தாக இருக்கும் என்றும், மரியாதைக்காக அதை வேறு சொல்லாகத்தான் உச்சரிப்பார்கள் என்றும் மோரா எனக்குச் சொல்லியிருந்தார். அந்த நான்கு எழுத்தும் எனக்கு அடையாளம் தெரியும். மிரியம் அந்தச் சொல்லை இரண்டு முறை உச்சரித்தாள். இரண்டு முறையும் விரல் வெற்றிடத்தில்தான் இருந்தது. ஓதுப்பள்ளியில் பொருள் தெரியாமல் மனப்பாடமாக ஓதி வளர்ந்தவன் நான். அந்தக் குரலின் ஓட்டம் எனக்குத் தெரியாதா?

மோராவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு திரையில் அந்த வெற்றிடத்தின்மேல் விரலை வைத்தார். வெகுநேரம் விரலை எடுக்கவில்லை. அகப்பட்டுக்கொண்டவரின் வெட்கம் என்று நான் நினைத்தேன்.

"இதை யார்கிட்ட காணிச்சீங்க?"

"யார்கிட்டயும் இல்ல, மோரா."

"பெஸஹா பண்டிகை வரைக்கும் எனக்குச் சமயம் தாங்க. எட்டு ஆழ்ச்ச, எட்டு வாரம். அந்த மூணாவது வரியும் அவ கண்ணுக்கு வரும். வந்தா இன்னொரு வியாழன் நானே அவளை நிக்கவைப்பேன். அதுவரைக்கும் இது நம்மகிட்ட இருக்கட்டே. வாக்கு தருவீங்களா?"

"தர்றேன்."

பன்னிரண்டாம் நாள் குழுத் தலைவர் வந்தார். பல் மருத்துவர், நல்ல மனிதர். வெளியூரிலிருந்து வந்த விருந்தாளி ஒருவருக்குப் பள்ளியைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். என் அறைக்கு வந்ததும், அன்றைக்கு வீடியோ எடுத்தவர் இவர்தான் என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "பாவம், ஒன்றும் புரியாமல் அவ்வளவு நேரம் நாற்காலிமேல் நின்றார்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. இருபத்தாறு ஆண்டு வாத்தியார், எம்.ஏ., இங்கே கைபேசி பிடிக்கும் கிழவனாகிவிட்டேனே என்று தோன்றியது.

"எல்லாம் புரிந்தது, டாக்டர். மற்றவர்கள் கவனிக்காததும் புரிந்தது" என்றேன்.

வீடியோவைப் போட்டேன். மூன்றாவது வரியை மட்டும். நான்கு எழுத்துகள் எங்கே இருக்கின்றன, விரல் எங்கே நிற்கிறது என்று பென்சிலால் சுட்டிக் காட்டினேன். இருவரும் திரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வைதான் நான் மேலே சொன்னது.

இரண்டு நாள் கழித்துத் தலைமையாசிரியர் அறைக்கு என்னை மடிக்கணினியோடு வரச் சொன்னார்கள். உள்ளே டாக்டர், மிரியம், அவள் அம்மா, மோரா. நான் அந்த வீடியோத் துண்டைப் போட்டேன். முதல் இரண்டு வரிகளை அவள் உண்மையாகவே படித்தாள் என்பது, முழு வீடியோவையும் பார்த்த எனக்கு உறுதியாகத் தெரியும். யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

"மிரியம், நீ பார்த்துத்தான் படித்தாயா?" என்று தலைமையாசிரியர் மெதுவாகத்தான் கேட்டார்.

மிரியம் வாயைத் திறந்தாள். "நான்..." என்றாள். நின்றாள்.

அப்போது மோரா பேசினார். வாழ்நாளில் ஒரு பிள்ளையின் வாயிலிருந்து சொல்லைப் பிடுங்காதவர், "நான்தான் அப்படிச் செய்யச் சொன்னேன். குழந்தைக்கு இதில் பங்கில்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லி முடித்துவிட்டார். மிரியம் அவர் பக்கம் திரும்பினாள். மோரா அவளைப் பார்க்கவில்லை. கைகள் மேசைமேல் இல்லை, மடியில் இறுக்கிக் கோத்திருந்தன. இது அவர் வழக்கமில்லையே என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி.

அந்தப் பருவத்தோடு மாடிப்படி அறை மூடப்பட்டது. மிரியத்தை ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றினார்கள். அவளுடைய மாற்றுச் சான்றிதழை அடித்துக் கையெழுத்துக்கு அனுப்பியது நான்தான். மோராவுக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. கடைசி நாள் மணல் தட்டையும் நீல அட்டைகளையும் ஒரு பெட்டியில் போட்டுச் சுமந்துகொண்டு, என் மேசை முன்னால் நின்றார். நான் எழுந்தேன்.

"நல்ல கண்ணு, சாரே, உங்களுக்கு" என்றார்.

வாசலில் காவலாளி அவருக்குக் கதவைத் திறந்துவிட்டு, "கு... கு..." என்று ஆரம்பித்தார். ஜூன் மாத நடுப்பகல். பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு மோரா நின்றார். குதா ஹாஃபிஸ் என்று அவர் முழுதாக விடைசொல்லி முடித்தபிறகுதான் டாக்ஸியில் ஏறினார். நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதன்பிறகு அந்தக் காவலாளி எனக்குக் காகிதங்களை நீட்டுவார். பேசுவதில்லை.

சவரக் கடை ஊர்த்தம்பிக்கும் செய்தி எப்படியோ எட்டியிருந்தது.

"காக்கா, அந்தப் பள்ளிக்கூடத்துல ஒரு தில்லுமுல்லைப் புடிச்சுக் குடுத்தீங்களாமே! நல்லா குடுத்தீங்க காக்கா அவங்களுக்கு!"

மார்க்கத்துக்காகச் செய்தேன் என்று நினைத்துக்கொண்டார். அப்படி ஏதாவது ஒரு காரணம் இருந்திருந்தால்கூட எனக்குச் சொல்லிக்கொள்ள ஒன்று இருந்திருக்கும். சுலைமானி பகிர்ந்து குடித்த ஒருவரை, என்னை ஒருவன் பாவம் என்றதற்காகக் காட்டிக்கொடுத்தேன் என்று எப்படிச் சொல்வது? பாதி முகம் சோப்போடு எழுந்து வந்துவிட்டேன்.

நானும் அந்த வேலையை விட்டேன். அதற்குப் பிறகு ஒரு கடிதம் எழுதினேன். கொடுத்த வாக்கை உடைத்தேன், வீடியோவை வெட்டிக் காட்டினேன், இரண்டு வரிகளை அந்தச் சிறுமி தன் கண்ணால்தான் படித்தாள் என்றெல்லாம் எழுதி, முழு வீடியோவையும் சேர்த்துப் பள்ளிக் குழுவுக்கு அனுப்பினேன். மரியாதையான பதில் வந்தது. அந்த விஷயம் முடிந்துவிட்டது என்று எழுதியிருந்தார்கள்.

போன ஆண்டு ஊருக்குப் போனபோது எறணாகுளத்துக்கு ரயில் ஏறினேன். மோரா ஒரு வாடகை வீட்டின் முன்னறையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். அதே மணல் தட்டு. என்னைப் பார்த்ததும் உள்ளே போய்க் கட்டன் சாயா போட்டுக் கொண்டுவந்தார். எதிரே உட்கார்ந்து உள்ளங்கைகளை மேசைமேல் கவிழ்த்துவைத்தார்.

"நான்..." என்றேன். ரயிலில் பதினாறு மணிநேரம் ஒத்திகை பார்த்த வாக்கியம் வரவில்லை. "மோரா, நான் உங்களை..." அவர் எடுத்துக்கொடுக்கவில்லை. தெருவில் ஒரு மீன்காரர் கூவிக்கொண்டு போனார். சாயா ஆறிற்று. கடைசியில் நானே சொல்லி முடித்தேன்.

"பரவாயில்ல, சாரமில்லன்னு நான் பறைய மாட்டேன். நான் மறக்கல" என்றார். "எங்க வழக்கத்தில, மனுஷனுக்குச் செய்தது மனுஷன்கிட்டதான் கேக்கணும். தெய்வம் அதில தலையிடாது. மூணு தடவை கேக்கலாம். இது ஒண்ணு."

"சரி, மோரா."

"மிரியம்கிட்ட கேட்டாச்சோ?"

இல்லை என்று தலையசைத்தேன்.

"கேளுங்க. கடிதம் எழுதாதீங்க, சாரே. அவளுக்கு எழுத்து அனுப்பாதீங்க. குரல் அனுப்புங்க."

மிரியத்தின் அம்மாவின் எண் என்னிடம் இருந்தது. மகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். இரண்டு வாரம் கழித்து, அனுப்பலாம் என்றார். நான் ஆங்கிலத்தில் பேசி அனுப்பினேன். நான்கு நிமிடம். கேட்டுவிட்டாள் என்பதற்கு நீலக் குறி விழுந்தது. ஒரு மாதத்துக்குமேல் பதில் இல்லை.

பிறகு ஒருநாள் வந்தது. குரல் இல்லை. அவளே தட்டச்சு செய்தது, ஆங்கிலத்தில் ஏழெட்டு வரி. அதில் ஐந்து எழுத்துப் பிழைகள். நான் எண்ணினேன். எண்ணி முடித்தபிறகுதான் படித்தேன் என்பதையும் இங்கே சொல்லவேண்டும்.

"நீங்கள் பேசியதைக் கேட்டேன். உங்களுக்கு ஒன்று தெரியாது. மூன்றாவது வரி எனக்கு வரவே இல்லை. ஒலிப்பதிவைக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டேன். முந்தின நாள் மோரா கேட்டபோது, மூன்றையும் படித்துவிட்டேன் என்று பொய் சொன்னேன், அட்டையைச் சும்மா நகர்த்திக் காட்டினேன். அவருக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் வீடியோவைப் பார்க்கும்வரை தெரியாது. அன்றைக்கு அந்த அறையில் இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் மோராவிடம் சொல்லுங்கள்."

திரையின் வெற்றிடத்தில் விரலை வைத்துவிட்டு அதை எடுக்காமல் நின்ற மோரா நினைவுக்கு வந்தார். அப்போதுதான் அவருக்கே தெரிந்திருக்கிறது. ஐந்து மாத உழைப்பும் ஒரு பிள்ளையின் சொல்லும் அந்த இடத்தில் இல்லாமல்போனதைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை முதலில் ஏமாற்றியது மிரியம், பன்னிரண்டாம் நாள் நான்.

உடனே எறணாகுளத்துக்கு போன் செய்தேன். செய்தியை வாசித்துக் காட்டினேன்.

"அவளே எழுதினாளோ? கைகொண்டு?" என்று கேட்டார்.

"அவளேதான். அஞ்சு பிழை இருக்கு."

"நீங்க எண்ணினீங்க, அல்லே?" சிரித்தார். அழுகையும் கலந்திருந்தது போலக் கேட்டது.

"மோரா, அன்னைக்கு அந்த ரூம்ல சொல்லியிருக்கலாமே. எனக்குத் தெரியாதுன்னு ஒரு வார்த்தை. போன வருஷம் நான் வீட்டுக்கு வந்தப்பகூடச் சொல்லலையே?"

"அது அவள்டெ வாக்கு, சாரே. அன்னைக்கு நான் அதைப் பிடுங்கிட்டேன். பின்னே அவளே எடுக்கட்டேன்னு இருந்தேன்."

நான்கு ஆண்டுகள். உள்ளங்கைகளைக் கவிழ்த்துவைத்துக்கொண்டு.

நான் மறுபடி மன்னிப்புக் கேட்டேன். இந்தத் தடவை வாக்கியம் தானாக வந்தது. நான் சொல்லி முடிக்கும்வரை அவர் காத்திருந்தார். முடித்தபிறகும் சிறிது நேரம் காத்திருந்தார், இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று.

"ரெண்டு" என்றார்.